கேட்பவர் காதுக்கு எழுதியவர்கள்

எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் மாலை ஆறு மணிக்கு மேல் நாளிதழை உரக்க வாசிப்பது பள்ளிக்கூடப் பையன்களின் வேலை. திண்ணையில் ஐந்தாறு பெரியவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் ஒருவர் எழுத்தறியாத தாத்தா. பகலெல்லாம் மாடு மேய்த்துவிட்டு வருவார். தலையங்கம் முடிந்ததும் அவர் கேட்பது ஒரே கேள்வி: "சரி தம்பி, அதுக்கு நாம என்ன செய்யணுங்கிறாரு?" வாசித்த பையன்களில் ஒருவனான நான் பல நாள் தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பேன். பதில் இருக்காது.

சமூகத்தை மாற்றவென்று எழுதப்பட்ட தமிழ் உரைநடையை அந்தக் கேள்வியோடுதான் இன்றும் படிக்கிறேன். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து வளர்ந்த இந்த மரபில் நான்கு வழிகள் எனக்குத் தெளிவாகத் தெரிகின்றன.

நான்கு வழிகள்

முதலாவது, எடுத்து விளக்கும் வழி. 1878இல் 'தி இந்து'வைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயர், ஆங்கிலம் படித்தவர்களோடு நாட்டு நடப்பு நின்றுவிடக் கூடாது என்று 1882இல் 'சுதேசமித்திர'னைத் தொடங்கினார். 1899இல் அது நாளிதழாயிற்று. அரசியலையும் பொருளாதாரத்தையும் நாள்தோறும் தமிழில் பேச முடியும் என்று காட்டிய ஏடு அது. இளம் வயதில் கணவனை இழந்த தம் மகளுக்கு 1889இல் பம்பாயில் மறுமணம் செய்துவைத்தவர் அவர். உறவினர் ஒதுக்கிவைத்தார்கள், அவர் பின்வாங்கவில்லை.

இரண்டாவது, உரிமை கோரும் வழி. தம் மக்களை இழிவுபடுத்தப் பயன்பட்ட பெயரையே தலைநிமிர்ந்து தம் இதழுக்குச் சூட்டி, 1893இல் 'பறைய'னைத் தொடங்கினார் இரட்டைமலை சீனிவாசன். 1907 ஜூன் 19 அன்று இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசர் கொண்டுவந்த இதழின் பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. இதழின் விலையே பெயரில் இருக்கிறது. இது யார் கைக்குப் போக வேண்டிய ஏடு என்பதை முதல் பக்கமே சொல்லிவிடுகிறது. சித்த மருத்துவரான அவர், பழைய நூல்களையும் சொற்களின் பொருளையும் துருவி ஆராய்ந்து, சாதி இழிவு பிற்காலத்தில் சுமத்தப்பட்டது என்று வாதாடினார். நோயின் மூலத்தைத் தேடும் வைத்தியரின் எழுத்து அது. அடுத்த ஆண்டு இதழ் 'தமிழன்' ஆயிற்று.

மூன்றாவது, அரவணைத்து அழைக்கும் வழி. 1917இல் 'தேசபக்தன்' ஆசிரியரான திரு.வி.க., பின்னர் 'நவசக்தி'யை நடத்தினார். மேடைக்கும் ஏட்டுக்கும் ஒரே தமிழ் என்று ஆக்கியவர். சின்னச் சின்ன வாக்கியங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மூச்சு. 1918இல் சென்னையில் தொழிற்சங்கம் உருவானபோது முன்னணியில் நின்றவர்களில் அவரும் ஒருவர். ஆலை வாசலில் பேசிய வாய்தான் அந்தக் கட்டுரைகளிலும் பேசுகிறது.

நான்காவது, கேட்டு மடக்கும் வழி. 1925 மே 2 அன்று ஈரோட்டில் தொடங்கிய 'குடி அர'சில் பெரியார் எழுதியதைப் பாருங்கள். 'பெண் ஏன் அடிமையானாள்?' என்று நூலாகத் தொகுக்கப்பட்ட கட்டுரைகள், 'இன்றைய ஆட்சி ஏன் ஒழிய வேண்டும்?' என்ற தலையங்கம் என்று தலைப்பிலேயே 'ஏன்' வந்து நிற்கிறது. படிப்பவர் பதில் தேடத் தொடங்கிவிடுகிறார். இரண்டாவதாகச் சொன்ன தலையங்கம் 1933இல் வந்தது. அதற்காகச் சிறைத் தண்டனையும் அனுபவித்தார்.

எழுத்துச் சீர்திருத்தத்தில் இந்த வழி இன்னும் ஒரு படி மேலே போனது. 'லை', 'னை' போன்ற எழுத்துகள் அன்று யானைத் தும்பிக்கைபோல் மேலே சுழித்த கொம்போடு அச்சாயின. அவற்றை மாற்ற வேண்டும் என்று சொன்னதோடு நிற்காமல், 1935இல் தம் ஏட்டையே புதிய வடிவில் அச்சிட்டுக் கொடுத்தார். வாரந்தோறும் படித்தவர் கண் பழகிற்று. தமிழக அரசு அதை ஏற்றது 1978இல். இடையில் 43 ஆண்டுகள்!

இந்த வழிகளெல்லாம் கூடிய களம் தேவதாசி முறை ஒழிப்பு. 1927இல் மதராஸ் சட்டமன்றத்தில் முத்துலட்சுமி ரெட்டி தீர்மானம் கொண்டுவந்தார். அந்த முறையின் கொடுமையை உள்ளிருந்தே அறிந்த மூவலூர் இராமாமிர்தம் 1936இல் 'தாசிகள் மோசவலை' நாவலை எழுதினார். சட்டம் 1947இல் வந்தது.

அளவுகோல்

இவர்களை வைத்துப் பார்த்தால் நல்ல சீர்திருத்த எழுத்துக்கு மூன்று அளவுகோல்கள் கிடைக்கின்றன. உரக்க வாசித்தால், படிக்காதவருக்கும் விளங்க வேண்டும். சொல்லும் குறைக்குச் சான்று இருக்க வேண்டும். எழுதியவர் அதற்கான விலையைத் தாமும் கொடுத்திருக்க வேண்டும். உறவு, சிறை, காலம் என்று இவர்கள் கொடுத்தார்கள்.

இவற்றின் அருமையை நான் என் தெருவில்தான் கற்றேன். சாக்கடை அடைத்து வாசல்வரை நீர் தேங்கிய ஒரு மழைக்காலத்தில், உள்ளாட்சி அலுவலகத்துக்கு நாலு பக்கம் மனு எழுதினேன். அலட்சியம், அநியாயம், மக்கள் பணம் என்று கோபமெல்லாம் அதில் இருந்தது. பதில் வரவில்லை. பிறகு பக்கத்து வீட்டு அக்காவை உட்காரவைத்து அதை வாசித்துக் காட்டினேன். "எந்த எடத்துல அடைச்சிருக்குன்னு நீ சொல்லவே இல்லையேப்பா" என்றார்.

இரண்டாவது மனு அரைப் பக்கம். அடைத்த இடம், நீர் புகுந்த வீடுகள், எத்தனை நாள், காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைகள், என்ன செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள். வீடு வீடாகப் போய் வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினோம். கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் கைநாட்டு வைத்தார்கள். பத்தாம் நாள் ஆட்கள் வந்து அடைப்பை எடுத்தார்கள்.

இதைப் படிக்கும் இளைஞர்களில் யாராவது நாளை ஊருக்காகப் பேனா எடுக்கலாம். எழுதியதை அனுப்புவதற்கு முன் ஒரு முறை திண்ணைக்குக் கொண்டுபோங்கள். அங்கிருக்கும் தாத்தா கேட்பார். அவருக்குச் சொல்ல உங்கள் தாளில் பதில் இருக்கட்டும்.