தோட்டாவை மாற்றினால் தட்டு உடையுமா?

பறக்கும் தட்டைச் சுடும் ஒலிம்பிக் டிராப், ஸ்கீட் போட்டிகளில் ஒரு தோட்டாவுக்குள் 24 கிராம் ரவைதான் (சிறு ஈய உருண்டைகள்) அனுமதி. பிரிட்டனின் உள்நாட்டுப் போட்டிகள் பெரும்பாலானவற்றில் வரம்பு 28 கிராம். துப்பாக்கிக் குழலின் அளவு ஏறக்குறைய எல்லோருக்கும் ‘12 போர்’. ‘களிமண் புறா’ என்று பெயர் பெற்ற தட்டும் ஒரே மாதிரிதான்: 110 மி.மீ. விட்டம், சுமார் 105 கிராம் எடை, சுண்ணாம்புக்கல் தூளையும் கீலையும் கலந்து வார்த்தது. விதிகள் இவ்வளவு இறுக்கிப் பிடித்த பிறகும் பிரிட்டிஷ் துப்பாக்கிக் கடைகளில் தோட்டாப் பெட்டிகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. ஒன்று வேகத்தைச் சொல்கிறது, இன்னொன்று ரவையின் கடினத்தை, மற்றொன்று மென்மையான உதையை. ஒரு சுற்றில் 25 தட்டுக்கு 18தான் உடைந்தது என்றால் பலருடைய சந்தேகம் முதலில் தோட்டாவின் மேல் விழுகிறது. அடுத்த வாரம் வேறு பெட்டி கைக்கு வருகிறது. இந்த வழக்கத்தில் நியாயமான பகுதியும் உண்டு, வீணான பகுதியும் உண்டு. தோட்டா ஆட்டத்தைப் பாதிக்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் விஷயம்தான் ஆட்டத்தை மிகக் குறைவாகப் பாதிக்கிறது.

அந்தப் பெரிய எழுத்து வேகத்தைப் பற்றியது. வினாடிக்கு 400 மீட்டரில் கிளம்பும் தோட்டா ஒன்று, 420 மீட்டரில் கிளம்பும் தோட்டா ஒன்று என்று வைத்துக்கொள்வோம். 35 மீட்டர் தள்ளிக் குறுக்கே பறக்கும் தட்டை ரவை எட்ட ஏறத்தாழ 0.12 வினாடி ஆகும். சிறிய ரவையைக் காற்று கடுமையாகத் தடுக்கும். அதிக வேகத்தில் புறப்பட்ட ரவை அந்த வேகத்தை இன்னும் சீக்கிரமாக இழந்துவிடும். இறுதியில் இரண்டுக்கும் இடையே மிஞ்சுவது வினாடியில் ஆயிரத்தில் நாலைந்து பங்கு. வினாடிக்கு 18 மீட்டர் வேகத்தில் போகும் தட்டு அதற்குள் நகரும் தூரம் சுமார் 8 செ.மீ. அந்தத் தட்டை உடைக்கச் சுடுபவர் அதற்கு முன்னால் விட வேண்டிய இடைவெளியோ 2 மீட்டருக்கும் மேல். 35 மீட்டர் தொலைவில் அந்த 2 மீட்டரை எட்டு சென்டிமீட்டர் துல்லியத்தோடு கண்ணால் அளந்து சுடக்கூடியவர் யாரும் இல்லை. ரவைக் கூட்டம் முக்கால் மீட்டர் அகலத்துக்கு விரிந்து போவதால் அந்த அளவு துல்லியம் தேவைப்படுவதும் இல்லை.

ஒரு பெட்டியின் வேகத்தை இன்னொரு பெட்டியின் வேகத்தோடு ஒப்பிடுவதிலும் சிக்கல் இருக்கிறது. எல்லா உற்பத்தியாளர்களும் ஒரே இடத்தில் அளப்பதில்லை. ஒருவர் குழலின் வாயிலேயே கணக்கிட்டுச் சொல்வார், மற்றொருவர் வாயிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் தள்ளி அளப்பார். பெட்டியில் தெரியும் இருபது மீட்டர் வேறுபாடு அளந்த இடத்தால் மட்டுமே வந்திருக்கலாம். இதற்கிடையே கூடுதல் வேகத்துக்கு நிச்சயமாகக் கொடுக்கும் விலை ஒன்று உண்டு: தோளில் உதை கூடும், குழலுக்குள் ரவை அதிகமாக நசுங்கும்.

ரவையின் எண்ணிக்கைக்கு வந்தால் கதை மாறுகிறது. குழல் வாயின் குறுக்கமான சோக்கை மதிப்பிட நெடுங்காலமாக இருந்துவரும் அளவுகோல் 40 கஜம், அதாவது ஏறத்தாழ 36.5 மீட்டர். அந்தத் தொலைவில் 76 செ.மீ. வட்டத்துக்குள் எத்தனை ரவை விழுகிறது என்று பார்ப்பார்கள். முழுச் சோக் 70 சதவீதத்தைச் சேர்க்க வேண்டும். 2.4 மி.மீ. ஈய ரவை 24 கிராமில் சுமார் 300 இருக்கும். வட்டத்துக்குள் விழுவது 210. வட்டத்தின் பரப்பு 4,500 சதுர செ.மீ. சீராகப் பரவியதாகக் கொண்டால் 21 சதுர செ.மீ.க்கு ஒரு ரவை. தட்டு தன் முழு வட்டத்தையும் காட்டிப் பறந்தால் அதன் பரப்பு 95 சதுர செ.மீ.; நாலு ரவையாவது படும். விளிம்பை மட்டும் காட்டி விலகிப் பறந்தால் 25 சதுர செ.மீ.தான். அதில் படுவது சராசரியாக ஒரே ஒரு ரவை. சராசரி ஒன்று என்றால், சரியாகச் சுட்டும் ஒன்றும் படாமல் போகும் வேளைகள் உண்டு என்று பொருள். அசல் பரவல் இவ்வளவு சீராக இருக்காது. நடுவில் நெருக்கமாகவும் ஓரத்தில் மெலிந்தும் இருக்கும், அதனால் ஓரத்தில் மாட்டும் தட்டின் கதி இன்னும் மோசம்.

ஆகவே தொலைதூரத் தட்டு தப்பும்போது தோட்டாவைச் சந்தேகிப்பவரின் பேச்சில் உண்மை இருக்கத்தான் செய்கிறது. 28 கிராம் அனுமதிக்கும் போட்டியில் அதே ரவை 350 கிடைக்கும். 24 கிராமிலேயே 2.2 மி.மீ. ரவையைத் தேர்ந்தால் எண்ணிக்கை 390ஐ நெருங்கும். ஆனால் சிறிய ரவை ஒவ்வொன்றும் கால்பங்கு எடை குறைந்தது. போகப் போக அதன் அடி வலுவிழக்கும். தட்டிலிருந்து தூசு மட்டும் கிளம்பினால் நடுவர் கணக்கில் சேர்க்க மாட்டார்; கண்ணுக்குத் தெரிகிற ஒரு துண்டாவது பெயர வேண்டும். எண்ணிக்கைக்கும் அடியின் வலுவுக்கும் நடுவே உள்ள இந்தப் பேரம்தான் தோட்டாத் தேர்வின் மையம். டிராப்பில் முதல் குண்டு 30 மீட்டரைத் தாண்டியும் இரண்டாவது இன்னும் தள்ளியும் தட்டைச் சந்திப்பதால், பெரும்பாலோர் 2.4 மி.மீ.யை ஒட்டியே நிற்கிறார்கள். அது சரியான முடிவு என்றே கருதுகிறேன்.

ஸ்கீட்டில் இந்த விவாதமே எழுவதில்லை. தட்டு சுமார் 20 மீட்டருக்குள் உடைபடுகிறது. 2 மி.மீ. ரவை 24 கிராமில் ஏறத்தாழ 500 இருக்கும். ஏறக்குறைய எல்லோரும் அதையே போடுகிறார்கள்.

யாரும் அதிகம் பேசாத குணம் ரவையின் கடினம். சுத்த ஈயம் மென்மையானது. வெடிமருந்து தள்ளும் கணத்தில் அடியிலிருக்கும் ரவைகள் மேலிருப்பவற்றின் பாரத்தில் நசுங்குகின்றன. குழலின் சுவரில் உரசுபவை ஒரு பக்கம் தட்டையாகின்றன. உருண்டை வடிவம் போன ரவை நேராகப் பறக்காது, விலகும் அல்லது பின்தங்கும். ஆன்டிமனியைச் சில சதவீதம் கலந்தால் ஈயம் இறுகி இந்தச் சேதம் குறைகிறது. அமெரிக்கரான பாப் பிரிஸ்டர் இதை நேரில் பார்க்க விரும்பினார். படகு ஏற்றும் இழுவண்டியில் நீண்ட காகிதப் பலகை ஒன்றைப் பொருத்தி, தம் மனைவி அதைக் காரில் இழுத்துச் செல்ல, ஓடும் காகிதத்தில் சுட்டார். முடிவுகளை 1976இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். நிற்கும் காகிதத்தில் தெரியாமல் ஒளிந்திருந்த ஒன்று ஓடும் காகிதத்தில் வெளிப்பட்டது: ரவைக் கூட்டத்துக்கு அகலத்தோடு நீளமும் உண்டு, மென்மையான ரவையில் அந்த நீளம் கூடுகிறது.

அவருடைய சோதனையை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆனாலும் அதன் முடிவைத் தட்டு சுடுதலுக்கு அப்படியே கொண்டுவரக் கூடாது. மூன்று மீட்டர் நீளமுள்ள ரவைக் கூட்டம் வினாடிக்கு 250 மீட்டர் வேகத்தில் கடந்து போக நூற்றில் ஒரு வினாடிக்குச் சற்று அதிகம் ஆகும். தட்டு அதற்குள் நகர்வது இரண்டு சாண் தூரம்கூட இல்லை. நீளத்தால் வரும் நஷ்டம் சிறிது. கடினமான ரவைக்குக் காசு கொடுப்பதன் உண்மையான பயன், விலகிப் போகும் ரவை குறைந்து பரவலில் ஓட்டை விழாமல் இருப்பது. ஒரே ஒரு ரவையை நம்பி நிற்கும் அந்த விளிம்புத் தட்டுக்கு அந்த ஓட்டைதான் எமன். மலிவுத் தோட்டாவுக்கும் நல்ல தோட்டாவுக்கும் நடுவே நான் காசு கொடுத்து வாங்கச் சொல்லும் வேறுபாடு இது ஒன்றுதான்.

அடுத்தது உதை. இதைத்தான் தோட்டாத் தேர்வின் மிகப் பெரிய விளைவு என்பேன். ஒரே துப்பாக்கியில், ஒரே வேகத்தில் 28 கிராமிலிருந்து 24க்கு இறங்கினால் தோளுக்கு வரும் உதையின் ஆற்றல் ஏறத்தாழ கால்பங்கு குறைகிறது. ஒலிம்பிக் டிராப்பின் தகுதிச் சுற்றில் 125 தட்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு தோட்டா வரை சுடலாம். பயிற்சியையும் கூட்டினால் தோள் வாங்கும் அடி எவ்வளவு என்று யாரும் யோசித்துக்கொள்ளலாம். அடிபட்ட உடல் தன்னைக் காத்துக்கொள்ளக் கற்கும். விசையை அழுத்தும் முன்பே தோள் இறுகும், கண் இமைக்கும், தலை துப்பாக்கிக் கட்டையிலிருந்து உயரும், வீச்சு நடுவில் நின்றுபோகும். தட்டு தப்பும். கனத்த தோட்டா தரும் ஐம்பது ரவை கண் இமைக்கும் பழக்கத்தை ஈடுகட்டாது. சுடுபவருக்கோ தட்டு தப்பியது மட்டும் தெரியும், தன் கண் இமைத்தது தெரியாது. இன்னும் வேகமான, இன்னும் கனமான தோட்டாவைத் தேடிப் போவார். இந்த வழக்கத்தில் எனக்குக் கவலை தருவது இதுதான்: நோயைக் கூட்டுகிற மருந்தையே கடையில் கேட்டு வாங்குகிறார்கள். லேசான தோட்டா தடையல்ல: 24 கிராம் விதி வந்த பிறகும் 125க்கு 125 சுட்டவர்கள் இருக்கிறார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் ஆடவர் டிராப் இறுதியில், ஒரு தட்டுக்கு ஒரே தோட்டா என்ற விதியோடு, பிரிட்டனின் நேதன் ஹேல்ஸ் 50க்கு 48 உடைத்துத் தங்கம் வென்றார்.

லேசான தோட்டாவே நல்லது என்பதற்கு விலக்கும் உண்டு. தானியங்கித் துப்பாக்கிகள் சில, மிக லேசான தோட்டாவுக்கு ஒழுங்காக இயங்காமல் சிக்கிக்கொள்ளும். அவற்றை வைத்திருப்பவர்கள் கொஞ்சம் கனமானதைத்தான் போட்டாக வேண்டும்.

பிரிட்டனில் பிரபலமான ஸ்போர்ட்டிங் பிரிவில் தரையில் உருளும் ‘முயல்’ தட்டு பத்துப் பதினைந்து மீட்டரிலும், குறுக்கே பறப்பது ஐம்பது மீட்டரிலும் வரும். நிலைக்கு நிலை தோட்டாவையும் சோக்கையும் மாற்றுபவர்கள் அங்கே அதிகம். கணக்குப்படி பார்த்தால் அவர்கள் செய்வது தப்பில்லை. ஆனால் தட்டின் பாதையை, அதைக் கண் பிடிக்கும் இடத்தை, சுடும் இடத்தைத் தீர்மானிக்க வேண்டிய சில நொடிகள் பையைத் துழாவுவதில் போய்விடுகின்றன. நடுத்தரமான ஒரு தோட்டாவோடு எல்லா நிலைகளையும் சுடுபவர் இழப்பது சொற்பம், காப்பாற்றிக்கொள்ளும் கவனம் அதிகம்.

சில இடங்களில் தேர்வு சுடுபவர் கையிலேயே இல்லை. பண்ணை நிலத்தில் அமைந்த பிரிட்டிஷ் மைதானங்கள் பல, கால்நடை மேயும் புல்லில் பிளாஸ்டிக் சிதறக் கூடாது என்று, தோட்டாவுக்குள் வெடிமருந்துக்கும் ரவைக்கும் நடுவே இருக்கும் தக்கை நாரால் ஆனதாக இருந்தால் மட்டுமே அனுமதிக்கின்றன. பிளாஸ்டிக் தக்கையின் கிண்ணம் ரவையைக் குழல் உரசாமல் காக்கும், பரவலும் இறுக்கமாக வரும். நார்த் தக்கையில் அந்தக் காப்பு குறைவு. புல்லுக்காக அந்தச் சிறு நஷ்டத்தை ஏற்பதே முறை. இந்தியாவிலோ நிலைமை வேறு. புதுக்கோட்டையைச் சேர்ந்த பிரித்விராஜ் தொண்டைமான், கைனான் செனாய், ஜோராவர் சிங் சந்து மூவரும் 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் டிராப் அணித் தங்கம் வென்றார்கள். அவர்களுடைய விளையாட்டு இறக்குமதித் தோட்டாவை நம்பி நிற்பது. உரிமம், ஒதுக்கீடு, கப்பல் என்று தாண்டி வரும் ஒரு பொருளில் எந்தப் பிராண்டு என்ற கேள்விக்கு முன்னால் போதுமான அளவு வருமா என்ற கேள்வி நிற்கிறது. பயிற்சிக்கும் போட்டிக்கும் ஒரே தோட்டா தடையில்லாமல் கிடைப்பது, மிக உயர்ந்த தோட்டா எப்போதாவது கிடைப்பதைவிடச் சுடுபவருக்கு நல்லது என்பது என் உறுதியான கருத்து.

பெட்டியை மாற்றிக்கொண்டே இருக்கும் வழக்கத்தின் பெருங்குறை சோதனை இல்லாமை. மைதானங்கள் பலவற்றில் வெள்ளை பூசிய இரும்புத் தகடு நிற்கும். அதில் சுட்டால் தன் குழலும் சோக்கும் தோட்டாவும் சேர்ந்து எப்படிப் பரப்புகின்றன என்று கண்ணாலேயே பார்க்கலாம். ஒரே தோட்டா இரண்டு துப்பாக்கியில் இரண்டு விதமாகப் பரவும் என்பதால் அடுத்தவர் பரிந்துரைக்கும் பெட்டியால் எதுவும் நிரூபணமாகாது. ஆயிரக்கணக்கில் தோட்டா வாங்குபவர்களில் அந்தத் தகட்டை நோக்கிப் பத்துத் தோட்டா சுட்டவர்கள் மிகச் சிலர். அந்தப் பத்தைச் சுட்டு, தொலைவுக்கு ஏற்ற ரவையளவையும் தோள் தாங்கும் கனத்தையும் ஒரு முறை முடிவு செய்தவர், பிறகு ஒரு பருவம் முழுதும் பெட்டியை மாற்றாமல் இருக்கலாம். அப்போதுதான் தப்பிய தட்டுக்குத் தன் வீச்சில் காரணம் தேடும் கட்டாயம் அவருக்கு வரும்.

ஈயத்தின் காலம் சுருங்கிக்கொண்டிருப்பதால் இந்தச் சோதனை இனி இன்னும் அவசியமாகும். ஈரநிலங்களில் ஈய ரவையை ஐரோப்பிய ஒன்றியம் 2023 பிப்ரவரி 15 முதல் தடைசெய்துவிட்டது. டென்மார்க் 1996இலேயே ஈய ரவையைக் கைவிட்டது. மாற்றாக வரும் இரும்பு ரவையின் அடர்த்தி ஈயத்தின் 11.3க்கு எதிராக 7.8தான். அதே அளவு ரவையைப் போட்டால் தூரத்தில் வலு போய்விடும், அதனால் அளவைப் பெரிதாக்க வேண்டும். 2.6 மி.மீ. இரும்பு ரவை 24 கிராமில் சுமார் 330 கிடைக்கும், எண்ணிக்கையில் குறைவில்லை. அது நசுங்காததால் பரவல் இறுகும், அரைச் சோக் முழுச் சோக்கைப் போல நடந்துகொள்ளும். ஈயத்தில் பல ஆண்டுகள் சுட்டுக் கிடைத்த அனுபவ அறிவு இங்கே அப்படியே செல்லாது. எந்த அளவு ரவை, எந்தச் சோக், எத்தனை மீட்டர் வரை என்பதை ஒவ்வொருவரும் தன் துப்பாக்கியோடு அந்த வெள்ளைத் தகட்டின் முன் நின்று முதலிலிருந்து பார்த்தாக வேண்டும்.