ஐந்து விழுக்காட்டுக்குள் இரண்டு கணக்கு

லண்டனில் கத்திக்குத்துப் பட்டு நாடி அடங்கிக் கிடப்பவரின் நெஞ்சை, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நேரமில்லை என்றால் தெருவிலேயே திறக்கிறார்கள். ஏர் ஆம்புலன்ஸ் மருத்துவர்கள் 1990களிலிருந்து செய்துவரும் வேலை இது. அவர்களில் பலர் அறுவை நிபுணர்களே அல்லர். மயக்க மருந்து, அவசர சிகிச்சைத் துறைக்காரர்கள். 1999 முதல் 2019 வரை இப்படித் திறக்கப்பட்ட 601 பேரில் பிழைத்து வீடு திரும்பியவர்கள் 30 பேர். நூற்றுக்கு ஐந்து.

அந்த ஐந்தை மட்டும் வைத்து இம்முறையைப் புகழ்வதும் தவறு, பழிப்பதும் தவறு. இதய உறைக்குள் ரத்தம் தேங்கி இதயத்தை நெரித்த 105 பேரில் 22 பேர் பிழைத்தார்கள். ரத்தம் வடிந்தே இதயம் நின்ற 418 பேரில் 8 பேர்தான்.

முதல் வகையினருக்கு இது கைமேல் பலன் தரும் சிகிச்சை. இரு பக்கமும் ஐந்தாம் விலா இடைவெளியில் வெட்டி, மார்பெலும்பைக் கனத்த கத்தரியால் துண்டித்து, கார் பானட் போல மேலே தூக்குகிறார்கள். உறையைக் கிழித்து உறைந்த ரத்தத்தை வாரி எடுத்ததும் சில இதயங்கள் தாமாகவே துடிக்கின்றன. ஓட்டையை விரலால் அடைத்தே சமாளிக்க முடிவதுண்டு. வேடிக்கை என்னவென்றால், பலித்த பிறகுதான் அடுத்த சிக்கல்: வெட்டுண்ட மார்புத் தமனிகள் பீறிடும், நோயாளி கண் விழிக்கவும் கூடும். மயக்க மருந்து கையிலிருக்க வேண்டும்.

இறந்தவருக்கு இழக்க என்ன இருக்கிறது என்பது ஆதரவாளர்களின் வாதம். எனக்கு அது அரைகுறையாகவே படுகிறது. வெட்டிய விலா முனை கையுறையைக் கிழித்தால், ரத்தத்தில் பரவும் நோய்க்கு ஆளாகப்போவது மருத்துவர். மூளை சேதமடைந்து உயிர் மட்டும் மிஞ்சினால் சுமை குடும்பத்துக்கு. சாலை விபத்துபோல், துளைகாயமின்றி மோதி அடிபட்டவர்களிடம் பலன் இன்னும் சொற்பம்: 25 ஆண்டு வெளியீடுகளைத் திரட்டிய 2000ஆம் ஆண்டு ஆய்வில், 1.4 விழுக்காட்டினரே பிழைத்தனர்.

பெரிய குறை வேறு. யார் எந்த வகை என்பது பெரும்பாலும் நெஞ்சைத் திறந்த பிறகே உறுதியாகிறது. ஸ்கேன் கருவி உதவும்; ஆனால் அதற்கும் நொடிகள் செலவாகும். லண்டன் கணக்கில், உறை நெரிந்தவர்களில் இதயம் நின்று 15 நிமிடம் தாண்டியவர் எவரும் பிழைக்கவில்லை. ரத்தம் வடிந்தவர்களுக்கு அந்த எல்லை 5 நிமிடம். நாடி எப்போது நின்றது என்பதோ பக்கத்தில் நின்றவர் சொல்வதைப் பொறுத்தது. ஆகவே, பிழைத்தோர் எண்ணிக்கையைவிட, கத்தி வைக்குமுன் செய்த கணிப்பு எத்தனை முறை சரியாக இருந்தது என்பதையே அறிக்கைகளின் முதல் வரியில் பார்க்க விரும்புகிறேன்.