ஒரே மைனர், இரண்டு ஊர் ஆயில்

ஆரணிப் பக்கத்துத் தேவிகாபுரமானாலும் சென்னையானாலும், பழைய காருக்குக் கியர் ஆயில் என்றதும் வாயில் வருவது ‘தொண்ணூறு நம்பர்’தான். மோரிஸ் மைனர் 1000 காரின் கையேடு வேறு மாதிரி சொல்கிறது. கியர்பாக்ஸுக்கு எஞ்சினில் ஊற்றும் அதே எஸ்.ஏ.இ. 30, தொண்ணூறு பின் அச்சின் டிஃபரன்ஷியலுக்கு.

நம்பரைப் பார்த்து மிரள வேண்டியதில்லை. எஞ்சின் ஆயிலுக்கு ஓர் அளவுகோல், கியர் ஆயிலுக்கு இன்னொன்று. கியர் ஆயிலில் 90 என்பது எஞ்சின் ஆயிலில் 40, 50 அளவு கெட்டிதான்.

வம்பு, கியர் ஆயிலின் தரத்தைச் சொல்லும் ஜி.எல். எழுத்துகளில் இருக்கிறது. ஜி.எல்.-5 ஆயிலில் கந்தக, பாஸ்பரஸ் சேர்மானம் ஜி.எல்.-4ஐவிட ஏறக்குறைய இரு மடங்கு. டிஃபரன்ஷியலின் ஹைப்பாய்டு பற்களுக்கு அது வேண்டும். கியர்பாக்ஸுக்குள் கியர் மாறும்போது வேகங்களை ஒத்துப்போக வைக்கும் பித்தளை சிங்க்ரோ வளையங்களையோ சூடேறும்போது அந்தக் கந்தகம் அரிக்கக்கூடும். வழுக்கலும் கூடிப்போவதால் வளையம் பிடிக்காமல் மூன்றாம் கியர் கரகரக்கும். வடித்த ஆயிலை விரலில் தேய்க்கும்போது மஞ்சள் மினுக்கம் தெரிந்தால், அது பித்தளை.

இலங்கையில் மைனர் இன்னும் உழைக்கிற வண்டி. அதன் உடல்பாகங்களைப் பிரிட்டனுக்கே செய்து அனுப்பிய பட்டறையும் அங்கே இருந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதிக்கு விழுந்த தடை, தனியார் கார்களுக்கு 2025 பிப்ரவரியில்தான் விலகியது; பழைய வண்டிகளை விடாமல் ஓட்ட அதுவும் ஒரு காரணம். தினமும் ஓடும் வண்டியில் கசிவும் கரகரப்பும் உடனே காதுக்கும் கண்ணுக்கும் எட்டிவிடும். எஞ்சினுக்கு வாங்கிய ஆயிலிலேயே கியர்பாக்ஸும் நிறைந்துவிடும். அதற்குத் தேவை ஏறக்குறைய 1.3 லிட்டர்தான்.

இந்தியாவில் மைனர் 1000க்கு முந்தைய மைனரை ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ‘பேபி ஹிந்துஸ்தான்’ என்று விற்றது. 2021இல் வந்த விதிப்படி ஐம்பது வயது தாண்டிய கார் ‘வி.ஏ.’ வரிசையில் பதிவானால் அன்றாடம் ஓட்டக் கூடாது, கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்குத்தான். பொத்திப் பொத்தி வைக்கும் வண்டிக்கு விலை கூடிய சிந்தெடிக் ஜி.எல்.-5 வாங்கி ஊற்றத் தோன்றும். அங்கேதான் செல்லம் பித்தளைக்கு வினையாகிறது.

இந்தியன் ஆயில் நிறுவனத்தின் ‘சர்வோ’ ஆயில், லங்கா ஐ.ஓ.சி. வழியே இலங்கையிலும் கிடைக்கிறது. திருகோணமலையில் ஆயில் கலக்கும் ஆலையும் உண்டு. எந்தக் கரையில் வாங்கினாலும், கியர்பாக்ஸுக்கு எஞ்சின் ஆயிலை விட்டுக் கியர் ஆயில்தான் ஊற்றுவதானால், டப்பாவின் முன்பக்கத்துப் பெரிய எண்ணைவிடப் பின்பக்கத்துப் பொடி எழுத்தில் ‘ஜி.எல்.-4’ இருக்கிறதா என்று பார்ப்பதே மைனர்காரருக்கு முதல் வேலை.