நாய்ப் பந்தயத்தில் ஊக்கமருந்து: கடல் தாண்டும் சட்டம் வேண்டும்

1929, 1930 ஆகிய இரு ஆண்டுகளிலும் லண்டன் ஒயிட் சிட்டி மைதானத்தில் இங்கிலீஷ் டெர்பியை வென்று புகழ் கொண்ட 'மிக் தி மில்லர்', அயர்லாந்தின் ஆஃபலி வட்டாரத்தில் ஒரு பாதிரியார் வளர்த்த நாய் என்பதை நினைத்தால், கிரேஹவுண்ட் பந்தயம் தன் பால்ய காலந்தொட்டே தேச எல்லையைப் பொருட்படுத்தாமல் வளர்ந்தது விளங்கும். 2022 முதல் 2024 வரை டோஸ்டர் மைதானத்தில் நடந்த மூன்று டெர்பிகளிலும் வாகை சூடியவை அயர்லாந்துப் பயிற்சியாளர்களின் நாய்களே. பிரிட்டனில் ஓடும் நாய்களில் மிகப் பெரும்பாலானவை இன்றும் அயர்லாந்தில் பிறந்து, இரு காதுகளிலும் பச்சை குத்தப்பட்டுக் கப்பலேறி வருபவை.

ஆனால் அந்நாயை ஆளும் அதிகாரமோ இரு கரையிலும் ஒரே தன்மையதன்று. அயர்லாந்தில் 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றி, 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வலுப்பெற்ற அரசாங்க வாரியம், லிமெரிக் நகரில் தனக்கென ஒரு பரிசோதனைக்கூடத்தையும் வைத்துக்கொண்டு ஆட்சி செலுத்துகிறது. பிரிட்டனில் உள்ள வாரியம் பந்தயத் தொழிலினர் தாமே அமைத்துக்கொண்ட ஸ்தாபனம். அதன் விதிகள் அதனிடம் உரிமம் பெற்றவர்களை மட்டுமே கட்டும். வட அயர்லாந்திலோ டப்ளினில் இயற்றிய சட்டம் செல்லாது.

பந்தயம் முடிந்து மூச்சு வாங்க நிற்கும் நாயின் பின்னே, நீண்ட கைப்பிடியில் பொருத்திய கிண்ணத்தை ஏந்தியபடி ஓர் அதிகாரி பொறுமையோடு நடந்து, அது காலைத் தூக்கும் தருணத்தில் சிறுநீரைப் பிடித்துப் புட்டியிலடைத்து முத்திரையிடுகிறார். இந்த விளையாட்டின் நாணயம் அனைத்தும் அந்தப் புட்டிக்குள்தான் இருக்கிறது. 2016-இல் கார்க் நகரில் ஐரிஷ் லாரல்ஸ் பந்தயத்தை வென்ற 'குளோன்பிரையன் ஹீரோ'விடம் மறு வருஷம் எடுத்த மூன்று மாதிரிகளில், கொக்கெயின் உடலில் சிதைந்து உண்டாகும் பொருள் தென்பட்டது அவ்வகைப் புட்டிகளில்தான். வேகத்தைக் கூட்டுவது மட்டுமே மோசடி என்று எண்ணிவிடலாகாது. மயக்க மருந்தால் நாயைச் சில பந்தயங்களில் மந்தமாக ஓடச் செய்து, கீழ்த் தரத்துக்கு இறக்கி, பின்னர் எளிய எதிரிகளிடையே அதன் இயல்பான வேகத்தில் ஓடவிட்டுப் பணயப் பணத்தை அள்ளுவது அதனினும் கொடிய வஞ்சனை. ஒரு நாட்டில் அவ்வாறு மந்தமாக்கப்பட்ட நாய் மற்றொரு நாட்டில் புதிய ஏட்டுடன் ஓடத் தொடங்கினால், நேரக் கணக்கை மட்டும் வைத்து அதன் தகுதியை அலசுபவர் எவரும் ஏமாந்தே போவர். இவையன்றி, சிகிச்சை பெற்று இறந்த மாட்டின் இறைச்சி வழியாகவே புரோகெய்ன் போன்ற வஸ்துக்கள் நாயின் உடலில் சேர்வதும் உண்டாதலால், குற்றத்தையும் அஜாக்கிரதையையும் பிரித்தறியவாவது நாயின் முழுச் சிகிச்சை விவரமும் விசாரிப்பவர் கையில் இருத்தல் அவசியம்.

குதிரைப் பந்தயத்தில் பல தேசங்களும் தடை செய்யப்பட்ட மருந்துகளைப் பற்றிய ஒரே சர்வதேச உடன்படிக்கையின் கீழ் இயங்குகின்றன. ஆஸ்திரேலியாவின் மாநிலங்களும் நியூசிலாந்தும் நாய்ப் பந்தயத்துக்கே பொது விதிகளை வகுத்துக்கொண்டு, சிறுநீரில் கோபால்ட் ஒரு மில்லிலிட்டருக்கு 100 நானோகிராமைத் தாண்டலாகாது என்று பொது வரம்பும் நிர்ணயித்தன. நியூசிலாந்து அரசாங்கம் 2024 டிசம்பரில் இப்பந்தயத்தையே முடிவுக்குக் கொண்டுவருவதாக அறிவித்தது வேறு விஷயம். கடல் கடந்த பொது விதி சாத்தியம் என்பதற்கு அந்த ஏற்பாடு போதிய சான்று. மனித வீரன் தான் உட்கொண்டதற்குத் தானே பதில் சொல்லலாம்; கிண்ணத்தில் வைத்ததை நம்பித் தின்னும் வாயில்லா ஜீவனுக்காகப் பதில் சொல்ல வேண்டியவர்கள் வாரியத்தாரே.

எனவே லிமெரிக்கும் லண்டனும் இனியும் காலம் கடத்தாமல், தடை மருந்துகளுக்கு ஒரே பட்டியலையும் ஒரே அளவையும் ஏற்று, காதுக் குறியோடும் தோலடிச் சில்லோடும் இணைந்த மருத்துவக் குறிப்பேடு இல்லாத எந்த நாயையும் அடுத்த டெர்பியின் முதல் சுற்றிலேயே ஓடவிடுவதில்லை என்று கையொப்பமிட வேண்டும்.