குற்றவியல் நீதி: இரண்டாண்டுப் படிப்பு எதுவரை?

அமெரிக்காவில் போலீஸ் வேலைக்கோ நன்னடத்தை அலுவலர் வேலைக்கோ போக நினைக்கும் இளைஞர்கள் பலருக்கு, வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் உள்ள சமுதாயக் கல்லூரியே முதல் வாசல். அங்கே குற்றவியல் நீதிப் பிரிவில் இரண்டு ஆண்டுகளில் சுமார் 60 கிரெடிட் (பாட மதிப்பலகு) முடித்தால் அசோசியேட் பட்டம் கிடைக்கும். குற்றவியல் சட்டம், வழக்கு நடைமுறை, காவல்துறை, சிறை நிர்வாகம், இளஞ்சிறார் நீதி, அறிக்கை எழுதுதல் ஆகியவை வழக்கமான பாடங்கள். கட்டணம் குறைவு, வேலை பார்த்துக்கொண்டே மாலையில் படிக்கலாம், சேர்வதற்குப் பெரிய தடை இல்லை.

இந்தப் படிப்பை மூன்று கேள்விகளால் அளக்கலாம். படித்தவருக்கு அது வேலை தருகிறதா? அவருடைய சிந்தனையை வளர்க்கிறதா? நாளை அவர் அதிகாரத்தோடு எதிர்கொள்ளப்போகும் மக்களுக்கு அதனால் நன்மை உண்டா? மூன்றில் கடைசிக் கேள்விதான் கனமானது. கணக்கியல் படித்தவர் தவறினால் பணம் போகும். இந்தத் துறையில் தவறு நேர்ந்தால் ஒருவருடைய சுதந்திரம் போகும், சில சமயம் உயிரே போகும்.

போலீஸாருக்குக் கல்லூரிப் படிப்பு வேண்டும் என்ற எண்ணம் புதிதல்ல. கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரப் போலீஸ் தலைவர் ஆகஸ்ட் வோல்மர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அதற்காக வாதாடினார். ஆனால் அது நாடு தழுவிய கொள்கையாக உருவெடுத்தது, நகரங்களில் கலவரங்கள் வெடித்த 1960களில்தான். ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் அமைத்த ஆணையம் 1967இல் தந்த அறிக்கையில், சட்டத்தை அமல்படுத்தும் போலீஸார் அனைவரும் நான்காண்டுப் பட்டதாரிகளாக இருப்பதையே இறுதி இலக்காக வைத்தது. அடுத்த ஆண்டே ஒரு கூட்டாட்சிச் சட்டம் வந்தது. அதன்வழி போலீஸாரின் கல்லூரிப் படிப்புக்குக் கடனும் உதவித்தொகையும் பாய்ந்தன. பணம் வந்த வேகத்தில் கல்லூரிகள் இந்தப் பிரிவைத் திறந்துகொண்டே போயின.

பத்தே ஆண்டில் கடுமையான தணிக்கை வந்தது. போலீஸாரின் உயர்கல்வியை ஆராய்ந்த தேசிய ஆலோசனைக் குழுவுக்காக லாரன்ஸ் ஷெர்மன் தலைமையில் எழுதப்பட்ட 1978ஆம் ஆண்டு அறிக்கை, இந்தப் பாடப்பிரிவுகள் பலவற்றைக் கல்வி என்றே ஏற்க மறுத்தது. பயிற்சி முகாமில் சொல்லித்தர வேண்டியதைக் கல்லூரி வகுப்பில் சொல்லித்தந்து கிரெடிட் கொடுக்கிறார்கள். பாடம் நடத்துபவர்களில் பலர் பணியில் இருக்கும் அல்லது ஓய்வுபெற்ற போலீஸார். இருக்கும் நடைமுறையைக் கேள்வி கேட்காமல் அப்படியே அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கிறார்கள் என்பதே அதன் சாரம். இரண்டே ஆண்டோடு முடிந்துவிடும் படிப்பை ஊக்குவிக்கக் கூடாது என்றும் அது வாதிட்டது. நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் கடந்த பிறகும் இந்தப் படிப்பை எடைபோட இதைவிடக் கூர்மையான அளவுகோல் கிடைக்கவில்லை.

முதலில் வேலை. உள்ளூர்ப் போலீஸ் துறைகளில் பெரும்பாலானவை பள்ளிப் படிப்பையே குறைந்தபட்சத் தகுதியாகக் கேட்கின்றன. சிறைக் காவலர் பணிக்கும் பல மாநிலங்களில் அது போதும். மறுபக்கம், நன்னடத்தை அலுவலர் பணிக்கு வழக்கமாக நான்காண்டுப் பட்டம் வேண்டும், எஃப்.பி.ஐ. சிறப்பு ஏஜென்டாக அது கட்டாயம். ஆக, அசோசியேட் பட்டம் கீழே உள்ள வேலைக்குத் தேவைப்படுவதில்லை, மேலே உள்ள வேலைக்குப் போதுவதில்லை. பெரும்பாலான இடங்களில் அது போலீஸ் அகாடமிப் பயிற்சிக்கு மாற்றும் அல்ல. கிரெடிட்டை நிபந்தனையாக வைத்த துறைகளும் ஆள் கிடைக்காதபோது இறங்கி வருகின்றன. நியூயார்க் நகரப் போலீஸ் 60 கிரெடிட் கேட்டுவந்தது; 2025இல் அதை 24ஆகக் குறைத்தது. வேலை ஒன்றையே நம்பி இந்தப் பட்டத்தை எடுப்பவர் ஏமாறக்கூடும் என்பதை, சேர்க்கைக்கு வருபவரிடம் கல்லூரிகள் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

அடுத்தது சிந்தனை. இங்கே படிப்பின் தரம் வகுப்புக்கு வகுப்பு மாறுகிறது. ஓர் உதாரணம் போதும். இந்தப் பிரிவில் படிப்பவர் தவறாமல் சந்திக்கும் வழக்கு, 1989இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த கிரஹாம் எதிர் கானர். நீரிழிவு உள்ள ஒருவர், சர்க்கரை திடீரெனக் குறைவதை உணர்ந்து ஆரஞ்சுச் சாறு வாங்கக் கடைக்குள் ஓடுகிறார். வரிசை நீளமாக இருப்பதைப் பார்த்து உடனே வெளியே வருகிறார். அதைக் கண்ட போலீஸ்காரருக்குச் சந்தேகம் எழுகிறது. கடையிலிருந்து வந்தவர் சென்ற கார் மறிக்கப்படுகிறது. அவருக்கு விலங்கு பூட்டப்படுகிறது. அந்தக் கைகலப்பில் அவர் கால் எலும்பு முறிகிறது. போலீஸ் பயன்படுத்திய பலம் நியாயமானதா என்பதை, பின்னால் தெரியவந்ததை வைத்துப் பார்க்காமல், அந்த நேரத்தில் அந்த இடத்தில் நின்ற நியாயமான ஒரு போலீஸ்காரரின் பார்வையிலிருந்து பார்க்க வேண்டும் என்பது நீதிமன்றம் வகுத்த அளவுகோல்.

இதை இரண்டு விதமாகக் கற்பிக்கலாம். குற்றம் எவ்வளவு கடுமையானது, ஆபத்து உடனடியானதா, அவர் எதிர்த்தாரா அல்லது தப்பி ஓடினாரா என்று காரணிகளை மனப்பாடம் செய்யவைத்து, நாளை அறிக்கையில் எந்தச் சொற்களை எழுதினால் வழக்கு நிற்கும் என்று காட்டுவது ஒரு விதம். நியாயமான போலீஸ்காரர் என்பவர் யார், அவர் பார்வை ஏன் அளவுகோலானது, சாலையோரம் சுயநினைவு மங்கிக் கிடந்தவரின் பார்வை எங்கே போனது, 2019இல் கலிஃபோர்னியா உயிர்பறிக்கும் பலத்தைத் தேவையானபோது மட்டுமே பயன்படுத்தலாம் என்று சட்டத்தை ஏன் இறுக்கியது என்று கேட்கவைப்பது இன்னொரு விதம். முதல் வகுப்பிலிருந்து வருபவருக்குத் தற்காத்துக்கொள்ளத் தெரியும். இரண்டாவது வகுப்பிலிருந்து வருபவருக்குத் தன் அதிகாரத்தின் எல்லை தெரியும். இரண்டுக்கும் கிடைக்கும் கிரெடிட் ஒன்றேதான், மதிப்பெண் பட்டியலில் வேறுபாடு தெரியாது. இந்தப் படிப்பின் மிகப் பெரிய குறை இதுவே.

மூன்றாவது, மக்கள். படித்த போலீஸார் குறைவாக அடிக்கிறார்களா? யூஜீன் பாவோலினும் வில்லியம் டெரிலும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், கொஞ்சம் கல்லூரி படித்தவர்களும் வார்த்தையால் மிரட்டுவதைக் குறைத்திருந்தார்கள். ஆனால் உடல் பலத்தைக் கணிசமாகக் குறைவாகப் பயன்படுத்தியவர்கள் நான்காண்டுப் பட்டம் பெற்றவர்களே. ஜேசன் ரைட்பர்கும் டெரிலும் 2010இல் செய்த ஆய்வில், கல்லூரிப் படிப்பு பலப்பிரயோகத்தைக் குறைத்தது; கைது செய்வதிலும் சோதனையிடுவதிலும் எந்த மாற்றத்தையும் அது காட்டவில்லை. கல்வியால் பயன் உண்டு, ஆனால் அதற்கு வரம்பும் உண்டு என்பதே இவற்றிலிருந்து தெரிவது.

அந்த வரம்பை மினசோட்டா கொடூரமாகக் காட்டியது. போலீஸ் பணிக்குப் பொதுவாக இரண்டாண்டுப் பட்டமாவது வேண்டும் என்று பல பத்தாண்டுகளாக விதித்திருக்கும் மாநிலம் அது. 2020 மே 25 அன்று மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃப்ளாய்டின் கழுத்தை முழங்காலால் அழுத்திக் கொன்ற போலீஸ்காரர் டெரக் ஷாவின் என்பவர், சட்ட அமலாக்கத்தில் நான்காண்டுப் பட்டமே பெற்றவர். அங்கே உடன் நின்ற புதிய காவலர் ஒருவருக்குக் களப்பயிற்சி கொடுத்தவரும் அவரே. வகுப்பறையில் கற்றதைத் துறையின் பழக்கம் சில மாதங்களில் அழித்துவிட முடியும். இதைச் சொல்லிக் கல்வியே வீண் என்று முடிவுகட்டுவது தவறு. பட்டம் மட்டுமே காவலரைத் திருத்திவிடும் என்று நம்புவதும் அதே அளவு தவறு.

இனி எதிர்த்தட்டு. இந்தப் பிரிவை மூடிவிடலாம் என்பவர்கள், அதில் யார் படிக்கிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். பெரிய பல்கலைக்கழகங்களின் கட்டணத்தைக் கட்ட முடியாத குடும்பத்துப் பிள்ளைகள், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வருபவர்கள், ராணுவத்திலிருந்து திரும்பியவர்கள். சிறைக்குள் இருப்பவர்களும் உண்டு: 1994இல் பறிக்கப்பட்ட, கூட்டாட்சி அரசின் பெல் கல்வி உதவித்தொகை அவர்களுக்கு 2023 ஜூலையில் முழுமையாகத் திரும்பி வந்தது, கலிஃபோர்னியச் சமுதாயக் கல்லூரிகள் பல, சிறைகளுக்குள்ளேயே வகுப்பெடுக்கின்றன. போலீஸின் கெடுபிடியைத் தெருவில் அனுபவித்தவரும் போலீஸாக விரும்புபவரும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து ஒரே வழக்கை விவாதிப்பது பயிற்சி முகாமில் நடக்காது. நல்ல ஆசிரியர் கையில் இது எந்தப் பாடநூலும் தராத கல்வி. இந்த வாய்ப்பை அழிப்பது, குற்றவியல் நீதித் துறையை வசதியுள்ளவர்களின் பிள்ளைகளுக்கு மட்டும் எழுதிவைப்பதாகும்.

சரியாக அமைத்தால் இந்தப் படிப்பு பயன்படும் என்பதற்கும் சான்றுகள் உள்ளன. நியூயார்க் நகரப் பல்கலைக்கழக அமைப்பில் சமுதாயக் கல்லூரிகளை, குற்றவியல் நீதிக்குப் பெயர்பெற்ற ஜான் ஜே கல்லூரியோடு இணைத்து, அசோசியேட் பட்டம் முடித்தவர் நேராக இளநிலைப் பட்டத்துக்குப் போக வழிசெய்திருக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் இடமாற்றத்துக்கென்றே வகுத்த அசோசியேட் பட்டம், மாநிலப் பல்கலைக்கழக அமைப்பில் இடத்தை உறுதிசெய்கிறது. அதே மாநிலம் 2021இல் போலீஸில் சேரும் வயதை 21ஆக உயர்த்தியது; உளவியல், வரலாறு, இனக்குழு ஆய்வு போன்றவற்றை உள்ளடக்கிய நவீன காவல்பணிப் பட்டத்தை உருவாக்கச் சமுதாயக் கல்லூரி அமைப்பைப் பணித்தது. ஷெர்மன் அறிக்கை கேட்டது இத்தகைய விரிந்த கல்வியைத்தான்.

ஆனால் வழி இருப்பதாலேயே எல்லோரும் ஊர் சேர்ந்துவிடுவதில்லை. எல்லாப் பாடப்பிரிவுகளையும் சேர்த்துப் பார்த்தால், அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகளில் நுழையும்போது நான்காண்டுப் பட்டம் வேண்டும் என்பவர்கள் சுமார் 80 சதவீதம். ஆறு ஆண்டுகளில் அதைப் பெறுபவர்கள் சுமார் 16 சதவீதம். குற்றவியல் நீதியில் சேருபவர் நேரடி வேலைக்கென வகுத்த ‘அப்ளைடு சயன்ஸ்’ வகை அசோசியேட் பட்டத்தை அறியாமல் தேர்ந்தெடுத்தால், அதன் கிரெடிட்டுகள் பலவற்றைப் பல்கலைக்கழகம் ஏற்காமல் போகலாம்.

ஆகவே என் தீர்ப்பு இது. வேலைக்கான சீட்டாக, இரண்டாண்டோடு முடியும் பட்டமாக, இந்தப் படிப்பு தகுதியற்றது. மாணவரின் பணத்தையும் வயதையும் வாங்கிக்கொண்டு, அவருக்கு ஏற்கெனவே திறந்திருந்த கதவையே அது காட்டுகிறது. நான்காண்டுப் பட்டத்தின் முதல் பாதியாக, கிரெடிட் இடமாற்றம் எழுத்தில் உறுதியான இடத்தில், அதிகாரத்தைக் கேள்வி கேட்கத் தெரிந்த ஆசிரியர்களிடம் படித்தால், ஏழை மாணவருக்கு இந்தத் துறையில் இதைவிடச் சிறந்த தொடக்கம் இல்லை. சேருமுன் மாணவர் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: எந்தப் பல்கலைக்கழகம் இந்த 60 கிரெடிட்டையும் முழுதாக ஏற்கும்? ஆசிரியர்களில் எத்தனை பேர் போலீஸ் துறைக்கு வெளியிலிருந்து வந்தவர்கள்? வரலாறும் உளவியலும் புள்ளியியலும் கட்டாயமா? இவற்றுக்குத் தெளிவான பதில் தராத கல்லூரியில், கையில் அதிகாரம் ஏந்தப்போகிற எவரும் சேரக் கூடாது.