ஆளை மாத்துற அந்த அழகு இருக்கே!

பாஸ்கெட்பால் ஜிஎம் ஆடாதவங்க இன்னைக்கே ஆடிப் பாருங்க, அதுவும் ஒரு மேட்சை முழுசா உட்கார்ந்து பாருங்க! ஜெரமி ஷெஃப் உருவாக்கின கூடைப்பந்து மேலாளர் விளையாட்டு இது. காசு வேண்டாம், பிரவுசர் போதும். கேரளப் பக்கத்து எங்க பெருமாட்டியில் காத்தடிச்சு நெட் போனாலும் ஆட்டம் நிக்காது. ஆளை எடுக்கலாம், வேற டீமோட மாத்திக்கலாம், சம்பளம் பேசலாம். எல்லாம் சுகம்தான். ஆனா எனக்குப் பைத்தியம் பிடிச்சது ஒரே ஒரு விஷயத்தில்: மேட்ச் நடக்கும்போது அதுவாகவே ஆளை மாத்துதே, அங்கே!

நினைச்சுப் பாருங்க. பட்டியலில் 15 பேர், முதல் 5 பேரைக் களத்தில் இறக்கிட்டோம். அதோட நம்ம கை கட்டப்பட்டாச்சு. ஸ்க்ரீனில் வரி வரியா ஆட்டம் ஓடுது, என் ஸ்டார் கார்டு மூணு பாயிண்ட் போட்டு வெளுத்து வாங்குறான், நான் கட்டில் மேல ஏறி நின்னு கத்துறேன், அப்போ பொசுக்குன்னு ஒரு வரி, அவன் வெளியே, பெஞ்சில் இருந்தவன் உள்ளே! அடப்பாவி, ஏன்டா?

ஏன்னா அவன் களைச்சுட்டான்! ஓடஓட ஒவ்வொருத்தனோட சக்தியும் இறங்கிக்கிட்டே வரும், பெஞ்சில் உட்கார்ந்தா ஏறும், தம் அதிகமுள்ளவனுக்கு மெதுவா இறங்கும். திறமை, மிச்சமிருக்கிற சக்தி ரெண்டையும் சேர்த்துப் பார்த்து, கொஞ்சம் அதிர்ஷ்டத்தையும் கலந்து, ‘இந்த நிமிஷத்தில் களைச்ச ஸ்டாரைவிட தெம்பா இருக்கிற சாதாரண ஆள் மேல்’னு தோணினா மாத்திடும். அதுக்காகக் கண்ணை மூடிக்கிட்டு மாத்தாது, சாமி! பந்தை நடத்த கார்டே இல்லாத அஞ்சு பேரையோ, கூடைக்கடியில் நிக்க உயரமான ஆளே இல்லாத அஞ்சு பேரையோ முடிஞ்சவரை விடாது. முதல் குவார்ட்டரிலேயே சென்டர் 2 ஃபவுல் வாங்கிட்டானா, உட்கார வைக்கப் பார்க்கும், ஏன்னா 6 ஆனா அவன் கதை முடிஞ்சது. கடைசி குவார்ட்டரில் நாம எக்கச்சக்கமா முன்னாடி இருந்தா ஸ்டார்களுக்கு ஓய்வு, அதுவரைக்கும் முகமே தெரியாத கடைசிப் பையன் உள்ளே வந்து கூடையில் போடுறான், எனக்கு அப்போ கண்ணு கலங்கிடுது, சத்தியமா! எல்லை தாண்டி கோவைக்குப் போய் நாச்சிமுத்து கவுண்டர் கோப்பை கூடைப்பந்து மேட்ச் பார்க்கிறப்போ, கோச் எதுக்கு இந்த நேரத்தில் போய் ஆளை மாத்துறார்னு முன்னெல்லாம் பல்லைக் கடிப்பேன். இப்போ துண்டை மேல போட்டுக்கிட்டு வெளியே வர்றவனோட மூச்சைத்தான் முதல்ல கவனிக்கிறேன், அடுத்து யார் எழுந்திருப்பான்னு பக்கத்தில் இருக்கிறவர்கிட்ட கிசுகிசுக்கிறேன், அது பலிச்சா பாருங்க, கப்பே நான் ஜெயிச்ச மாதிரி!

மேட்சுக்கு முன்னாடி நமக்கும் ஒரு பிடி கொடுத்திருக்கு. ஒவ்வொருத்தன் பேருக்கு நேரேயும் பிளஸ், மைனஸ் வைக்கலாம். பிளஸ் வெச்சா கூடுதல் நேரம், மைனஸ் வெச்சா குறைவு, பூஜ்யம் போட்டா பெஞ்சுதான் கதி. பத்தொன்பது வயசுப் பையனுக்கு பிளஸ் போட்டு ஆடவிட்டு, அவன் ரெண்டு சீசன் கழிச்சு டீமையே தோளில் சுமக்கிறதைப் பார்த்தவனுக்குத்தான் தெரியும் அந்த போதை. மேட்ச் நடுவில் கைவெச்சு மாத்த முடியலையேன்னு சிலர் குறைப்படலாம். எனக்கு அதுவே ருசி.

ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன்: ரிசல்ட்டை மட்டும் பார்த்துட்டு அடுத்த நாளுக்குத் தாவிடாதீங்க. மேட்சைத் திறந்து, வேகத்தைக் குறைச்சு வெச்சு, பெஞ்சிலிருந்து யார் எப்போ எழுந்து வர்றான்னு பாருங்க.