செவிவழி வந்த தொழில்: தமிழ் மேடையும் வானொலியும் வளர்த்த பள்ளிகள்

பேச்சாளராக வேண்டும், அறிவிப்பாளராக வேண்டும் என்று ஆலோசனை கேட்டு வரும் இளைஞர்கள் பெரும்பாலும் தங்கள் குரலைப் பற்றித்தான் தொடங்குகிறார்கள். கணீரென்று இருக்கிறது என்று ஊரில் சொன்னார்களாம். கல்லூரி விழாவில் கைதட்டு வாங்கியதாம். கேட்க மகிழ்ச்சியாகத்தான் இருக்கும். ஆனால் நான் தெரிந்துகொள்ள விரும்புவது வேறு: யாரைக் கேட்டு வளர்ந்தீர்கள்? தமிழில் பேச்சையே தொழிலாகக் கொண்டு நிலைத்தவர்களை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொருவரும் ஆண்டுக்கணக்கில் காது கொடுத்த முன்னோடிகள் இருப்பார்கள். கர்நாடக இசையில் பாணி உண்டென்றால், இங்கும் பாணி உண்டு, பள்ளிகள் உண்டு, அந்தந்தப் பள்ளிக்கென்று ஓர் அளவுகோலும் உண்டு.

மேடையிலிருந்தே தொடங்குவோம். யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் 1847 டிசம்பர் 31 அன்று ஆறுமுக நாவலர் தம் முதல் பிரசங்கத்தைச் செய்தார். பாதிரியார் பீட்டர் பெர்சிவலோடு விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்தவர் அவர். கிறித்தவர்களின் பிரசங்க முறையை அருகிருந்து பார்த்தார். அதன் வலிமையை உணர்ந்தார். அதையே சைவத்துக்குக் கொண்டுவந்தார். செய்யுளைப் படித்துப் பொருள் சொல்லும் புராண படனம் அதற்கு முன்பே இருந்தது. ஒரு கருத்தை எடுத்துக்கொண்டு, தெளிந்த உரைநடையில், எதிர்வாதத்தையும் சொல்லி மறுத்துக்கொண்டே போகும் பேச்சு அதற்கு முன் இல்லை. இன்றைய தமிழ் மேடைப் பேச்சின் பிறப்பிடம் அந்தக் கோயில் மண்டபம்தான் என்பது என் கருத்து.

அந்தப் பேச்சைத் தெருவுக்குக் கொண்டுவந்தது சுதேசி இயக்கம். 1908இல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளரிடையே சுப்பிரமணிய சிவாவும் வ.உ.சி.யும் பேசினார்கள், பேசியதற்காகவே சிறை சென்றார்கள். பத்தாண்டு கழித்துச் சென்னையில் தொழிற்சங்கம் கண்ட திரு.வி.க., ஆலைத் தொழிலாளிக்குப் புரியும்படியும் புலவர் குறை காணாதபடியும் பேச முடியும் என்று காட்டினார். பிறகு வந்தது போட்டிக் காலம். 1943இல் கம்பராமாயணத்தை வைத்து அறிஞர் அண்ணாவும் ரா.பி.சேதுப்பிள்ளையும் சென்னைச் சட்டக் கல்லூரியில் மோதிய சொற்போர், ‘தீ பரவட்டும்’ என்ற பெயரில் நூலாகவே வந்தது. இருவருமே எதுகையும் மோனையும் துள்ளப் பேசியவர்கள். கருத்தில் எதிரெதிர், காதுக்கு ஒரே குடும்பம்.

அடுக்குமொழிப் பள்ளிக்கு நேர்ந்த குறை அதன் முதல்வர்களால் வந்ததல்ல. அண்ணாவின் அடுக்குக்கு உள்ளே ஒரு வாதம் ஓடும். பின்னால் வந்த பலர் அடுக்கை மட்டும் எடுத்துக்கொண்டு வாதத்தை விட்டுவிட்டார்கள். பெரியாரின் பள்ளியோ கற்க மிகக் கடினம். அலங்காரம் இல்லை; கொங்கு வழக்கிலேயே மணிக்கணக்கில் பேசினார்; கேட்டவர்கள் எழுந்து போகவில்லை. சொல்ல வேண்டியது கைவசம் இருப்பவருக்கு மட்டுமே அந்த வழி கைகூடும். போலச் செய்ய அதில் ஒன்றுமே கிடையாது.

காரைக்குடியில் 1939இல் கம்பன் அடிப்பொடி சா.கணேசன் தொடங்கிய கம்பன் கழகம் இன்னொரு தரத்தை வைத்தது: நேரம். குறித்த நிமிடத்தில் விழா தொடங்கும். வந்திருப்பவர் யாராக இருந்தாலும் ஒதுக்கிய நேரம் முடிந்தால் இறங்க வேண்டும். மேடைத் தமிழுக்கு அக்கழகம் செய்த பெருந்தொண்டாக இதைத்தான் சொல்வேன். குன்றக்குடி அடிகளார் போன்றோர் நடுவராக அமர்ந்து பட்டிமண்டபத்தை மக்களிடம் கொண்டுசென்றார்கள். மதுரை அமெரிக்கன் கல்லூரிப் பேராசிரியர் சாலமன் பாப்பையா அதைத் தொலைக்காட்சிவரை கொண்டுவந்தார். வாழ்க்கைத் தொழிலாக இதை எண்ணுபவர் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பட்டிமண்டபப் பேச்சாளர்களில் மிகப் பலர் ஆசிரியர்கள். மாதச் சம்பளம் வகுப்பறையில் வந்தது. நாள்தோறும் பயிற்சியும் அங்கேயே கிடைத்தது.

இனி வானொலி. சென்னையில் கிருஷ்ணசாமி செட்டியார் 1924இல் நடத்திய வானொலிக் கழகம் மூன்றாண்டில் பணமின்றி நின்றது. 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையமும், மறு ஆண்டு மே 16 அன்று திருச்சி நிலையமும் வந்தன. அந்த நிலையங்களின் நல்லூழ், அங்கே எழுத்தாளர்கள் வேலைக்குச் சேர்ந்தது. சுகி சுப்பிரமணியம் வானொலி நாடகத்தை வளர்த்தார். சிட்டி என்னும் பெ.கோ.சுந்தரராஜன் திருச்சியில் இருந்தார். தி.ஜானகிராமன் கல்வி ஒலிபரப்பில் பணியாற்றினார். பேச்சுத் தமிழின் ஓசையை எழுத்தில் பிடித்தவர்கள் கையில் பிரதி திருத்தப்பட்டதால், அங்கே அறிவிப்பாளர்களின் காதும் பண்பட்டது. சுகி சுப்பிரமணியத்தின் மகன் சுகி சிவம் பின்னாளில் தமிழகம் அறிந்த சொற்பொழிவாளரானதில் எனக்கு வியப்பில்லை. வீட்டிலேயே பள்ளி இருந்தது.

வானொலிப் பள்ளியின் பாடம் சின்னச் சின்ன செயல்களில் இருந்தது. நிலையக் கூடத்துக்குள் போகும் முன் பிரதியில் குத்திய குண்டூசியைக் கழற்றிவிட வேண்டும். தாள்கள் தனித்தனியாக இருக்கும். ஒரு பக்கம் மட்டுமே எழுதியிருக்கும். முடித்த தாளைப் புரட்டக் கூடாது. இரு விரலால் தூக்கி ஓசையின்றிப் பக்கத்தில் வைக்க வேண்டும். வாக்கியம் தாளின் முடிவில் உடைந்திருந்தால், அதை முழுதாக அடுத்த தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். மூச்சு எங்கே எடுப்பது என்று பென்சிலால் கோடு. வாய் மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கட்டும், பேச்சு எதிரே உட்கார்ந்திருக்கும் ஒரே ஒருவருக்கு என்று நினைத்துக்கொள், கூட்டத்துக்கு அல்ல என்பார்கள் மூத்தவர்கள். மேடையிலிருந்து வந்தவர்கள் தடுமாறியது இந்தக் கடைசிப் பாடத்தில்தான். ஆயிரம் பேரை ஆட்டுவித்த குரல், சமையலறையில் அரிசி களையும் பெண்மணியிடம் எப்படிப் பேசுவதென்று தெரியாமல் திணறும்.

அந்தப் பாடத்தைக் கரைத்துக் குடித்தவர் தென்கச்சி கோ.சுவாமிநாதன். வேளாண்மை படித்தவர், திருநெல்வேலி நிலையத்தில் 1977இல் சேர்ந்தார். பிறகு சென்னையிலிருந்து காலை நேரத்தில் வந்த ‘இன்று ஒரு தகவல்’ அவரை ஒவ்வொரு வீட்டிலும் ஆள் ஆக்கியது. ஏற்ற இறக்கம் அதிகம் கிடையாது. நகைச்சுவை சொல்லித் தான் சிரிக்க மாட்டார். திண்ணையில் பக்கத்து வீட்டுப் பெரியவர் பேசுகிற வேகம்தான். குரல்வளம் பற்றிக் கவலைப்படும் இளைஞர்கள் அவருடைய ஒலிப்பதிவு ஒன்றைக் கேட்டால் போதும், கவலை தீரும். உழவர்களுக்கான பண்ணை ஒலிபரப்பிலும் வானொலிக் குரலின் வலிமைக்கு ஒரு சான்று உண்டு. 1960களில் தஞ்சை வயல்களில் பரவிய ஆடுதுறை 27 நெல்லை உழவர்கள் ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தார்கள். அதைப் பற்றி அவர்கள் வானொலியில் கேட்டார்கள், நம்பினார்கள், விதைத்தார்கள். ஒரு குரலுக்கு அதைவிடப் பெரிய பட்டம் யார் கொடுக்க முடியும்?

தில்லியிலிருந்து வந்த தமிழ்ச் செய்தி தனிப் பள்ளி. 1947 ஆகஸ்ட் 15 விடுதலைச் செய்தியைத் தமிழில் வாசித்த பூர்ணம் விஸ்வநாதன் அங்கிருந்தவர். பின்னர் நாடகக் குழு நடத்தி, சுஜாதாவின் நாடகங்களை மேடையேற்றி, திரைப்பட நடிகராகவும் புகழ் பெற்றார். வானொலியில் தொடங்கிக் கலைத்துறைக்குப் போவதற்கு அவரைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. சரோஜ் நாராயணசுவாமி மும்பையில் பிறந்து வளர்ந்தவர். அவர் காலை 7.15 மணிச் செய்தியில் பெயரைச் சொன்னதும் தமிழ்நாட்டில் கடிகாரத்தைச் சரிசெய்தார்கள். செய்தி யாருக்குச் சாதகம் என்று அவர் குரலைக் கேட்டுக் கண்டுபிடிக்க முடியாது. அதுதான் அப்பள்ளியின் தரம்.

இலங்கை வானொலியைப் பற்றிப் பேசத் தொடங்கினால் என் தலைமுறைக்கு நிறுத்த மனம் வராது. 1950இல் வர்த்தக ஒலிபரப்பு தொடங்கியது. இரண்டாண்டில் இந்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சர் பி.வி.கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாடலுக்குக் கடிவாளம் போட்டார். தமிழகத்தின் வானொலிப் பெட்டிகள் கொழும்பை நோக்கித் திரும்பின. அங்கே எஸ்.பி.மயில்வாகனம் காத்திருந்தார். வாசிக்காமல் உரையாடுவது, பாட்டுக்கும் விளம்பரத்துக்கும் நடுவே ஒரு கனிவு, இவையெல்லாம் அவர் போட்ட பாதை. ‘பொங்கும் பூம்புனல்’, ‘இசையும் கதையும்’, ‘பிறந்தநாள் வாழ்த்து’ என்று நிகழ்ச்சிப் பெயர்களிலேயே தமிழ் மணந்தது. கே.எஸ்.ராஜா வேகத்தின் மன்னர். அந்த வேகத்திலும் ஓர் எழுத்து தேயாது. 1989இல் அவர் கொல்லப்பட்டது தமிழ் ஒலிபரப்புக்கு இன்றும் ஆறாத காயம். ராஜேஸ்வரி சண்முகம் நாடக நடிப்பின் பண்பை அறிவிப்புக்குள் கொண்டுவந்தார். பி.எச்.அப்துல் ஹமீத் சிறுவர் நிகழ்ச்சியில் தொடங்கி, ‘பாட்டுக்குப் பாட்டு’ மூலம் மேடைக்கும் தொலைக்காட்சிக்கும் போனார். ழகர, லகர, ளகரம் எப்படி ஒலிக்க வேண்டும் என்று தெரியாத பிள்ளைக்கு இன்றும் அவரைத்தான் காட்டுகிறேன்.

செந்தமிழ் மட்டுமே கொழும்பின் தரம் என்று நினைத்துவிடக் கூடாது. ‘சானா’ என்ற சண்முகநாதன் தயாரித்த நாடகங்களில் யாழ்ப்பாணத்து முற்றம் அப்படியே கேட்டது. ‘கோமாளிகள் கும்மாளம்’ தொடரில் ராமதாஸின் மரைக்கார், செல்வசேகரனின் உபாலி, ராஜகோபாலின் அப்புக்குட்டி என்று ஆளுக்கொரு தமிழ். கேட்ட மாத்திரத்தில் யார், எந்த ஊர் என்று தெரிந்துவிடும். அது 1976இல் ‘கோமாளிகள்’ என்று திரைப்படமாகவும் வந்தது. அறிவிப்பில் பொதுத்தமிழ், நாடகத்தில் வட்டார வழக்கு, இரண்டிலும் பிழையின்மை: கொழும்பு வகுத்த இந்த எல்லைக்கோட்டை வேறெந்த நிலையமும் இவ்வளவு தெளிவாகப் போட்டதாக எனக்குத் தெரியவில்லை. லண்டன் பிபிசியின் ‘தமிழோசை’க்கும் கொழும்பின் கொடை உண்டு. அப்பெயரைச் சூட்டிய சோ.சிவபாதசுந்தரம் இலங்கை வானொலியில் இருந்தவர். ‘ஒலிபரப்புக் கலை’ என்று தமிழில் இத்துறைக்கு ஒரு பாடநூலே எழுதினார். அறிவிப்பாளராக விரும்புபவர் தேடிப் படிக்க வேண்டிய நூல் அது. தமிழோசையின் வானொலிச் சேவை 2017 ஏப்ரலில் நின்றது.

தனியார் பண்பலை வந்தபின் நிகழ்ச்சித் தொகுப்பாளர்களுக்கு வேலைவாய்ப்புப் பெருகியது. இப்போது வலையொலியும் சேர்ந்துகொண்டது. சிரிப்பும் வேகமும் அங்கே குறைவில்லை. குறைவது பயிற்சி. குரல் தேர்வில் தேறியவரை அடுத்த வாரமே நேரலையில் உட்கார வைக்கிறார்கள். பிரதியைத் திருத்தித் தர ஒரு மூத்தவர் இல்லை. அகில இந்திய வானொலியிலும் பல நிலையங்களைத் தாங்குவது அன்றன்றைய பணிக்கு ஊதியம் பெறும் பகுதிநேர அறிவிப்பாளர்கள்தான். ஆகவே இத்தொழிலை நாடும் இளைஞர்களுக்கு என் அறிவுரை இது: கற்பித்தலோ, எழுத்தோ, மொழிபெயர்ப்போ, பின்னணிக் குரலோ, ஏதேனும் ஒன்றைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். தினமும் ஒரு பக்கம் உரக்கப் படித்துப் பதிவு செய்து, மறுநாள் கேளுங்கள். ஒரு பள்ளியோடு நின்றுவிடாமல், குறைந்தது இரண்டு பள்ளிகளைக் கேட்டுப் பழகுங்கள்.

அதற்குப் பதிவுகள் வேண்டுமே! நேரலையில் போனவற்றில் பெரும்பகுதி காற்றோடு போயிற்று. மிஞ்சியிருப்பவற்றில் கணிசமானவை நேயர்கள் தங்கள் வீட்டு டேப் ரிக்கார்டரில் ஆசையாகப் பிடித்துவைத்தவை. ஒலிநாடா காலவரையின்றி நிலைக்காது. பூஞ்சை பிடிக்கும், ஒட்டிக்கொள்ளும். இதைப் படிக்கும் உங்களிடம் பழைய வானொலி நிகழ்ச்சியோ, பட்டிமண்டபமோ, கோயில் சொற்பொழிவோ பதிவான ஒரே ஒரு கேசட் இருந்தாலும் அதைப் பரணிலிருந்து இறக்குங்கள். யார் பேசியது, எந்த ஆண்டு என்று தெரிந்தவரை ஒரு தாளில் எழுதிச் சேர்த்து, எண்ணிமப் பதிவாக்கத் தெரிந்த நூலகத்திடமோ ஆவணக் காப்பகத்திடமோ இந்த ஆண்டுக்குள் ஒப்படையுங்கள்.